நீர்நாய் பார்க்கப் போன காலைகள்

இருதயராஜ் அவளைக் "குருவே" என்று முதலில் கூப்பிட்டது கேலியாகத்தான்.

வேம்பு அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் படகு விட வனத்துறை அனுமதித்திருந்த ஆறு பேரில் ஒருத்தி. அவனோ கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் ஒன்பது மாதம் கடல்மேல்தான் பிழைப்பு, ஆனால் பகலெல்லாம் இன்ஜின் அறைக்குள். கடலைக் கண்ணால் பார்த்த நேரம் சொற்பம். விடுப்பில் ஊருக்கு வந்தவன், துடுப்புப் போடவும் காட்டு உயிர்களைப் பார்க்கவும் பழக வேண்டும் என்று அவளிடம் வந்து சேர்ந்தான்.

"குருவாவது ஒண்ணாவது. காலைத் தூக்கி உள்ள வைங்கண்ணே, படகு சாயுது."

நாள் போகப் போகக் கேலி கழன்று விழுந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவன் பார்க்க ஆசைப்பட்டது நீர்நாயை. முதல் வாரம் சேற்றில் அதன் கால்தடத்தைக் காட்டினாள். அடுத்த வாரம் மீன் செதில் மினுங்கும் எச்சத்தைக் காட்டினாள். நீர்நாய் மட்டும் கண்ணில் படவில்லை.

"எப்படிப் பார்ப்பது, குருவே?"

"உங்க துடுப்பு தண்ணியில விழுற சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அதுக்கும் கேக்குது."

சத்தம் போகும்வரை பழகினான். பிறகு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டான்.

"சென்ட் மணக்க வந்து உக்காந்திருக்கீங்க. அது என்ன கல்யாணத்துக்கா வரப்போகுது?"

சென்ட்டை விட்டான், சோப்பையும் விட்டான். மனைவி சகாயமேரி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நீர்நாய் வரவில்லை.

முப்பத்தேழாம் நாள் விடிந்தது. மறுநாள் அவன் கொச்சிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். இன்று விட்டால் இன்னும் ஒன்பது மாதம்.

"இன்னைக்காவது காட்டிடணும், குருவே."

"நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன், அவுத்துவிட?"

வழக்கம்போல அவன் முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால். கடல் ஓதம் ஏறுவதும் இல்லாமல் இறங்குவதும் இல்லாமல் அசந்து கிடந்த நேரம். மூன்றாம் வளைவில் வாய்க்கால் குறுகியது. வேரிடுக்கில் எங்கோ மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. குருவி என்று நினைத்தான்.

பின்னால் வேம்புவின் துடுப்பு நின்றது.

"துடுப்பை மடியில வைங்க. திரும்பாதீங்க." மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

வைத்தான். படகு நின்ற இடத்திலேயே நின்றது. அவனுக்கு முன்னால் பழுப்புத் தண்ணீர் மட்டும்தான், ஒரு கொக்குகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் 'பொளக்' என்று ஒரு சத்தம். மீனாக இருக்கும். இன்னொரு முறை. அதற்கப்புறம் என்னவென்று யோசிக்க முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பழுப்புத் தண்ணீரையே வெறித்தான். கால் மரத்தது. கொசு ஒன்று காதோரம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.

வெகுநேரம் கழித்து அவள் துடுப்பைத் தண்ணீரில் இட்டாள்.

துறையில் இறங்கியதும் கேட்டான், "இன்னைக்கும் இல்லை, அப்படித்தானே?"

"இருந்துச்சுண்ணே."

"எங்கே?"

"என் முழங்கைக்கு நேரா, உங்க முதுகுக்குப் பின்னாடி. தாயும் மூணு குட்டியும். கடைக்குட்டிக்கு நீச்சல் பழக்கிக்கிட்டு இருந்துச்சு. குட்டியை வாயிலேர்ந்து விட்டுட்டுப் பார்க்கும். குட்டி முங்கும். தாய் பாஞ்சு பிடரியைக் கவ்வித் தூக்கும். மறுபடியும் விடும். நான் கண்ணை மட்டும்தான் அசைச்சேன்."

அவன் முகம் சிவந்தது. குரு என்ற சொல் வாயில் வரவில்லை.

"முப்பத்தேழு நாள், வேம்பு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? மெதுவாத்தானே திரும்பியிருப்பேன்?"

"மெதுவாத்தான் திரும்பியிருப்பீங்க."

"படகு ஆடியிருக்காது!"

"ஆடியிருக்காது. நல்லாப் பழகிட்டீங்க."

"சத்தம் வந்திருக்காது!"

"வந்திருக்காது."

"அப்புறம் என்ன? பார்த்திருப்பேனே!"

வேம்பு கயிற்றை முளையில் சுற்றி இறுக்கினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பார்த்திருப்பீங்கண்ணே. தாயும் உங்களைப் பார்த்துட்டு முங்கியிருக்கும். அந்த நேரம் குட்டி அது வாயில இல்ல."