கடையில் வராத நீலம்

பியூலா மாடிப்படியில் ஓடி ஏறி வந்தாள். மூச்சு வாங்க லேப்டாப்பை மேசையில் வைத்தாள்.

"நாலாவது தடவை" என்றாள்.

அது நாகர்கோவிலில் சுபத்ரா டீச்சர் நடத்தும் பழுது பார்க்கும் கடை. டீச்சர் முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் படிக்க வந்திருந்த அய்யம்பெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் டிவி பழுது பார்த்தவர்.

போன மாதம் பியூலாவின் லேப்டாப்புக்கு வேகம் கூட்ட ராம் என்ற நினைவகப் பலகை ஒன்றை மாட்டிக் கொடுத்தது அய்யம்பெருமாள்தான். அதன் பிறகு வீட்டில் அது திடீர் திடீரென்று நீலத் திரையைக் காட்டி நின்றது. கடைக்கு வந்தால் நிற்காது. மூன்று முறையும் "ஒரு குறையும் இல்லை" என்று அவர் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ" என்றாள் பியூலா. "வெளிநாட்டு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. பேர் பதிஞ்சது இந்த லேப்டாப்பில. வேற எதிலயும் திறக்காது. நடுவில நின்னு போச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

மணி பன்னிரண்டரை.

அய்யம்பெருமாள் லேப்டாப்பை மேசைமேல் விரித்தார். ஒரே நேரத்தில் மூன்று வீடியோ ஓட விட்டார். அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"பாத்தியாம்மா? குதிரை மாதிரி ஓடுது."

"இங்க ஓடும் அண்ணாச்சி. பேசாம நீங்களும் உங்க மேசையும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

பின்னால் வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அய்யம்பெருமாள் டீச்சரிடம் போனார்.

"டீச்சர், கண்ணு முன்னால வராத கோளாறை எப்படிச் சரி பண்ண?"

"வர வைக்கணும்."

"வர மாட்டேங்குதே. அந்தப் பிள்ளை வீட்டுல என்னத்தையோ பண்ணிட்டு நம்ம மேல பழி போடுது. போன தடவை இத்தனை பேர் முன்னால என்னை டப்பா மெக்கானிக்னு சொல்லிச்சு. பதினேழாம் தேதி. வியாழக்கிழமை."

"அதுக்கு முன்னால என்ன சொன்னாங்க?"

அய்யம்பெருமாள் யோசித்தார். தேதி நினைவிருந்தது. கிழமை நினைவிருந்தது. அவள் கையில் நனைந்த குடை இருந்ததுகூட நினைவிருந்தது. அந்த வார்த்தைக்கு முன்னால் அவள் சொன்னது மட்டும் நினைவில் இல்லை.

டீச்சர் எழுந்து பக்கக் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க பியூலா. வீட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

"வீட்டுல தரையிலல்லா உக்காருவேன்?"

"தரையிலயே உக்காருங்க."

பியூலா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் போனது. அது ஓடிக்கொண்டிருந்தது.

"மணி ஒண்ணேகால்" என்றார் அய்யம்பெருமாள்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. "வீட்டுல இப்படியே அசையாம இருப்பீங்களா?"

"அம்மா அடுக்களையில இருந்து கூப்பிட்டா எழும்பிப் போவேன்."

"அம்மா கூப்பிடுறாங்க."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கையைத் தரையில் ஊன்றினாள். இடது கையால் லேப்டாப்பின் மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

திரை முழுக்க நீலம்.

"வந்துட்டு!" அய்யம்பெருமாள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. டீச்சர் கைதட்டினார். நீலத்தைப் பார்த்து மூன்று பேரும் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"இன்னொரு தடவை!"

திரும்பப் போட்டார்கள். மூலையைப் பிடித்துத் தூக்கினாள். நீலம்.

"என்கிட்ட குடும்மா, என்கிட்ட குடு!" அய்யம்பெருமாள் வாங்கித் திரும்பப் போட்டார். வலது மூலையைப் பிடித்தார். ஓடியது. இடது மூலையைப் பிடித்தார். நீலம். முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"திறங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடி மூடி கழன்றது. இடது மூலைக்குப் பக்கத்தில் அந்த ராம் இருந்தது. அதை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டிய கொக்கிகளில் ஒன்று மாட்டாமல் விலகி நின்றது. மூலையைப் பிடித்துத் தூக்கினால் லேப்டாப்பின் உடம்பு லேசாக வளையும். வளைந்தால் ராம் பிடி விட்டுப்போகும். மேசையில் சமமாகக் கிடக்கும்போது ஒன்றும் ஆகாது.

அய்யம்பெருமாளின் சிரிப்பு நின்றது.

"என்ன அண்ணாச்சி, என்ன இருக்கு?" பியூலா எட்டிப் பார்த்தாள்.

வண்டியில் குலுங்கியிருக்கும் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது.

"நான் போன மாசம் சரியா அமுக்கல" என்றார்.

பியூலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணியைப் பார்த்தாள். "சீக்கிரம் அமுக்குங்க" என்றாள்.

அவர் ராமைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினார். இரண்டு கொக்கியும் 'டக்'கென்று விழுந்தன. மூடியை மாட்டினார். வீடியோவை ஓட விட்டார். இடது மூலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படி இறங்கினார், தெருவைத் தொட்டார், படி ஏறினார். வீடியோவில் யாரோ பாடிக்கொண்டே இருந்தார்கள்.

"ஓடுது!" என்றார் வாசலிலிருந்தே.

பியூலா பறித்துக்கொண்டு ஓடினாள். மணி இரண்டு பத்து.

அதன் பிறகு அய்யம்பெருமாளுக்கு வேறு வேலை ஓடவில்லை. நாலரைக்கு டீச்சரின் போன் அடித்தது. பியூலாவின் குரல் பக்கத்திலிருந்த அவருக்கும் கேட்டது.

"முடிஞ்சிட்டு டீச்சர்! ஒரு தடவைகூட நிக்கல! அடுத்த ரவுண்டுக்குச் சொல்லிட்டாங்க! அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க!"

அய்யம்பெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை வீட்டுல போட்டோ எடுத்துக் காட்டின நீலத் திரையில இருந்த நம்பர் எல்லாம் நான் எழுதி வச்சுப் படிச்சேன். நீங்க அதை ஒண்ணும் பாக்கல. அந்தப் பிள்ளையைக் கேட்டீங்க. அதுக்கு லேப்டாப்பைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றார் டீச்சர். "ஆனா ஒவ்வொரு தடவை நின்னு போகும்போதும் கூட இருந்தது அவங்கதானே."