பரிசீலனை என்னும் ஊர்

முன்னொரு காலத்தில், யாரையும் நம்பாத ஓர் அரசர் இருந்தார். சோற்றை நம்பமாட்டார், இன்னொருவன் தின்று காட்ட வேண்டும். மந்திரிகளையும் நம்பமாட்டார். அதனால்தான் மாதம் ஒரு நாளைக் கேள்வி நாள் என்று அறிவித்தார். நாட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் சபைக்கு வந்து, தமக்கென்று போட்ட இருக்கையில் உட்கார்ந்து, மந்திரிகளை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மந்திரி பதில் சொல்லியே ஆக வேண்டும். சபையில் பொய் சொன்ன மந்திரிக்குப் பதவி போகும்.

அரசரின் சந்தேகம் மற்ற பக்கமும் பாய்ந்தது. கேள்வி கேட்பவர்கள் தம்மை மட்டம் தட்டவே வருகிறார்களோ என்று தோன்றியது. ஆகவே இன்னொரு சட்டமும் போட்டார். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டால், அந்தப் பகுதி சபையில் தன் இருக்கையை இழக்கும்.

மந்திரிகளுக்கு இது போதும். இரண்டு முறை சமாளித்தால் மூன்றாம் முறை கேட்க ஆளிருக்காது.

காடு முழுவதும் அரசருடையது. விறகு வேண்டுமென்றால் அரண்மனைக் கிடங்கிலிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பொறுப்பு விறகு மந்திரி காடவராயர். அரசரின் நாட்டில் ஒரு பகுதியான கீழ்நாட்டார் நெல் அவித்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்கு மூன்று மாதமாக ஒரு சுள்ளிகூட வரவில்லை. அவர்கள் சார்பில் சபைக்கு வந்தவள் செம்பாயி.

அன்று அவள் எழுந்து நின்றாள்.

"எங்க விறகு எங்க சாமி?"

இது மூன்றாம் முறை.

காடவராயர் சால்வையைச் சரிசெய்தார். "கீழ்நாட்டு விறகு பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை முடிந்ததும் வழங்கப்படும். போன மாதமும் இதையே சொன்னேன். அதற்கு முந்தைய மாதமும் இதையே சொன்னேன்."

"அதான் மறுபடி கேக்குறேன். ஊறப்போட்ட நெல்லு அண்டாவுலயே முளை விட்டுப்போச்சு. நாத்தம் ஊரைத் தூக்குது. பதிலைப் போட்டா அடுப்பு எரிக்கிறது?"

"மன்னா, மூன்று முறை ஆகிவிட்டது. சட்டம் தங்களுடையது" என்றார் காடவராயர். அவர் குரலில் வருத்தம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. வருத்தம் அல்ல.

சேவகன் ஒருவன் செம்பாயியின் இருக்கையைத் தூக்க வந்தான். அப்போது தூணோரம் நின்ற விகடகவி நக்கன் வாயைத் திறந்தான்.

"ஒரு சந்தேகம் ராயரே. இந்தப் பரிசீலனை எந்தப் பக்கம் இருக்கும் ஊர்? மூன்று மாத விறகு அங்கே இருக்கிறது என்றால் பெரிய ஊராகத்தான் இருக்க வேண்டும்."

சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அரசர் முகத்தைப் பார்த்தார்கள்.

காடவராயர் அரசர் பக்கம் சாய்ந்தார். "மன்னா, இந்தப் பெண்ணுக்குக் கேள்வி சொல்லிக் கொடுப்பவனே இவன்தானோ என்று எனக்கு வெகுநாளாக ஐயம்."

ஐயம் என்ற சொல் விழுந்த இடம் அப்படி. அரசரின் கண் சுருங்கியது.

"நக்கா, அது ஊர் என்று நீதானே சொன்னாய்? மூன்று நாள் தருகிறேன். அந்த ஊரை எனக்குக் காட்டு. காட்டினால் கீழ்நாட்டின் இருக்கை நிற்கும். காட்டாவிட்டால் அவர்கள் இருக்கையும் போகும், நீயும் இந்த நாட்டை விட்டுப் போகலாம்."

"உத்தரவு மன்னா."

மற்ற மந்திரிகள் மீசையைத் தடவிக்கொண்டார்கள். இல்லாத ஊரை எவன் காட்டுவான்?

வெளியே வந்ததும் செம்பாயி நக்கனை வழிமறித்தாள்.

"ஏன்யா, நீ யார் பக்கம்? நீ வாயைத் திறக்காம இருந்தா என் இருக்கை மட்டுந்தான் போயிருக்கும். இப்ப ஊரே சிரிக்கப்போவுது."

"மூன்று நாள் கிடைத்ததே அம்மா."

"மூணு நாளு எதுக்கு? பொட்டி கட்டவா?"

உண்மையில் அவனிடம் எந்த யோசனையும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவன்தான் அவன். முதல் நாள் முழுக்கச் சும்மா அலைந்தான். இரண்டாம் நாள் விறகுக் கிடங்கு வாசலில் போய் நின்றான்.

காய்ந்த கட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. முதல் வண்டியில் பெரியகருப்பன் என்ற வண்டிக்காரன் உட்கார்ந்திருந்தான்.

"எங்கே ஐயா போகிறது இவ்வளவு விறகு?" என்று கேட்டான் நக்கன்.

வண்டிக்காரன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பரிசீலனைக்குங்க."

நக்கன் வண்டியை நெருங்கினான். "எதற்கு?"

"பரிசீலனைக்கு. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு ராயரு உத்தரவு. நாங்களும் மூணு மாசமா அங்கதான் ஓட்டுறோம்."

"எனக்கும் அங்கேதான் வேலை. ஏறிக்கொள்ளட்டுமா?"

"ஏறிக்குங்க. கட்டையில சிராய் இருக்கும், வேட்டியப் பாத்துக்குங்க."

வண்டி போன இடத்தை நக்கன் பார்த்தான். காடவராயர் வீட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தும் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான். சொன்னால் தலை போகலாம். சொல்லாவிட்டால் நாடு போகும். எப்படியும் ஒன்று போகும் என்று தெரிந்த பிறகு தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் சபை கூடியதும் அரசர் கேட்டார். "ஊர் எங்கே?"

"பக்கத்தில்தான் மன்னா. வழி எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வண்டிக்காரருக்குத் தெரியும். வாசலில் நிற்கிறார்."

அரசர் வெளியே வந்து தாமே கேட்டார். "இந்த விறகு எங்கே போகிறது?"

பெரியகருப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "பரிசீலனைக்குங்க சாமி."

காடவராயர் குறுக்கே வந்தார். "மன்னா, இவன் ஏதோ உளறுகிறான். அரசர் விறகு வண்டியில் ஏறுவது முறையல்ல."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த அரசர் நிச்சயம் செய்வார். வண்டியில் ஏறினார். நக்கனும் செம்பாயியும் மந்திரிகளும் பின்னால் நடந்தார்கள்.

வண்டி எல்லோரும் பார்க்கக் கிழக்கு வாசல் வழியாக வெளியே போனது. கோட்டைச் சுவரை ஒட்டியே அரைச் சுற்று சுற்றியது. மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்து, மாமரத் தோப்பைத் தாண்டி ஒரு கல்மண்டபத்தின் பின்புறம் நின்றது. அங்கே ஆள் உயர அடுப்பு நான்கு எரிந்துகொண்டிருந்தது.

கரி படிந்த ஓர் ஆள் அடுப்பைப் பார்த்தபடியே கத்தினான். "ஏய் கருப்பா! பரிசீலனை விறகு ஏன் இவ்ளோ தாமசம்? மூணு வேளையும் வெந்நீர்க் குளம் கொதிக்கலன்னா மகாராசா என் தோலை உரிச்சிடுவாரு!"

திரும்பிப் பார்த்தான். வண்டிமேல் மகாராசா உட்கார்ந்திருந்தார். அவன் கீழே விழுந்து கும்பிட்டான்.

அது அரசர் குளிக்கும் வெந்நீர்க் குளம். முன்பக்கப் பளிங்குப் படியைத்தான் அவருக்குத் தெரியும். இந்தப் பின்பக்கத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீர் எதனால் சுடுகிறது என்றும் கேட்டதில்லை.

அரசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிப்பைத் தேடினார். யாரும் சிரிக்கவில்லை.

"காடவராயரே, இது பரிசீலனையா?"

இல்லை என்றால் சபையில் சொன்னது பொய். காடவராயர் சால்வையை இடுப்பில் கட்டினார். "ஆம் மன்னா."

"அப்படியானால் இது கீழ்நாட்டு விறகு."

"ஆ... ஆம் மன்னா."

நக்கன் கும்பிட்டான். "ராயர் சபையில் பொய்யே சொல்லவில்லை மன்னா. விறகு பரிசீலனையில்தான் உள்ளது. முடிந்ததும் வழங்கப்படும் என்றார். எப்போது முடியும் என்பது அவர் கையில் இல்லை. பாவம், அவரால் அதை எப்படிச் சொல்ல முடியும்?"

"யார் கையில் இருக்கிறது?"

"தாங்கள் கரையேறினால் முடிந்துவிடும் மன்னா."

அரசரின் கை வாளுக்குப் போனதா இடுப்புக்குப் போனதா என்று பின்னால் பலவிதமாகச் சொன்னார்கள். கடைசியில் அவர் சிரித்தார். வண்டி குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம்மையும் சந்தேகப்பட வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

"கரையேறிவிட்டேன்! இந்த வண்டியும் கிடங்கில் நிற்கும் வண்டிகளும் இப்போதே கீழ்நாட்டுக்குப் போகட்டும். காடவராயரும் கூடவே போய் இறக்கி வைத்துவிட்டு வரட்டும். தம் கையாலேயே."

தம் கைக்காப்பைக் கழற்றி நக்கனுக்குப் போட்டார். கீழ்நாட்டின் இருக்கை இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். பிறகு செம்பாயியைப் பார்த்தார். அவள் அதற்குள் விறகின்மேல் ஏறி உட்கார்ந்து, மாட்டின் கயிற்றை வண்டிக்காரன் கையிலிருந்து வாங்கியிருந்தாள்.

"என்னம்மா, இப்போதாவது பதில் கிடைத்ததா?"

"அடுப்புல தீப் புடிக்கட்டும் சாமி, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி மாட்டைத் தட்டினாள்.