ஏணி பிடித்த எருமை

ஒரு காட்டுக் குகையில் பெரியநாயகி என்ற யானை வாழ்ந்து வந்தது. யானை குடியிருக்கும் வீடு அல்லவா? கூரை ரொம்ப உயரம். பெரியநாயகி முன்னங்கால்களைப் பாறைமேல் வைத்து, துதிக்கையை நீட்டி எம்பினாலும் எட்டாது.

போன கோடையில் காடு பற்றி எரிந்தபோது புகை உள்ளே புகுந்து, கூரை முழுவதும் கரி பிடித்துவிட்டது. இப்போது பெரியநாயகிக்கு நிறைமாதம். அந்தக் கரியைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பெருமூச்சு வந்தது.

"பொறக்கப்போற பிள்ளை முதன்முதலா அண்ணாந்து பாக்கும்போது கரியையா பாக்கணும்? சீக்கிரமா வெள்ளையடிச்சுக் குடுங்கப்பா!" என்று சுருளியிடமும் காரியிடமும் கேட்டுக்கொண்டது.

சுருளி ஒரு குரங்கு. காரி ஓர் எருமை. அந்தக் காட்டில் வெள்ளையடிப்பு என்றால் இவை இரண்டும்தான். நத்தை ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு கரைப்பது இரண்டும் சேர்ந்து. மேலே ஏறி நார் மட்டையால் அடிப்பது சுருளி. கீழே ஏணியைப் பிடிப்பது காரி.

இதைப் பார்த்து மரங்கொத்திக்குச் சிரிப்பு தாங்காது. "ஏலே சுருளி! குரங்காப் பொறந்துட்டு ஏணி பிடிக்க ஆள் வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?"

"மரத்துக்கு வேர் இருக்கு. ஏணிக்கு எங்க இருக்கு வேர்?" என்று சுருளி திருப்பிக் கேட்கும். "என் ஏணிக்குக் காரிதான் வேர்!"

இதைக் கேட்டால் காரி காதுகளை ஆட்டும். வெட்கம் வந்தால் அது அப்படித்தான்.

அவற்றின் ஏணி, இரண்டு மூங்கில் ஏணிகளைத் தலைப்பக்கம் சேர்த்துக் கட்டியது. கால்களை விரித்து நிறுத்தினால் தானாக நிற்கும். விரிந்துகொண்டே போகாமலிருக்க இரண்டுக்கும் குறுக்கே ஒரு கயிறு. காரி தன் கொம்பைக் கீழ்ப் படிக்குள் கோத்துக்கொள்ளும்.

"பிடிச்சாச்சா?" என்று சுருளி கேட்கும்.

"பிடிச்சாச்சு, ஏறு!" என்று காரி சொல்லும்.

அந்தப் பதில் வராமல் சுருளி முதல் படியில்கூடக் கால் வைத்ததில்லை. கை எட்டும்வரை அடிக்கும். பிறகு இறங்கும். இரண்டும் சேர்ந்து ஏணியை நகர்த்தும். மறுபடியும், "பிடிச்சாச்சா?" இப்படி நாளொன்றுக்கு முப்பது நாற்பது தடவை.

மூன்று நாள் வேலை நன்றாகவே நடந்தது. நான்காம் நாள் காலையில், ஓடையைத் தாண்டும்போது காரியின் முன்னங்கால் பாறை இடுக்கில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. குகைக்கு வந்து சேர்வதற்குள் கால் வீங்கிவிட்டது.

"இன்னைக்கு வேண்டாம் காரி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"பிள்ளை நாள் பாத்தா வரும்? நான் படுத்துக்கிட்டே பிடிக்கிறேன். நீ மட்டையை எடு!"

படுத்தபடியே கொம்பைப் படிக்குள் கோத்துக்கொண்டது. பிடிக்கும்போது வலி ஒன்றும் தெரியவில்லை. ஏணியை நகர்த்த எழுந்திருக்கும்போதுதான் பாடு. ஒவ்வொரு தடவையும் அது பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது. அதன் தொண்டைக்குள் எழும் சின்ன முனகல் சுருளியின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

உச்சிப்பொழுதுக்குள் ஒரே ஒரு மூலைதான் பாக்கி. சுருளி மேலிருந்து குனிந்து பார்த்தது. காரி அசந்து தூங்கிவிட்டது. தலை சாய்ந்ததில் கொம்பும் படியிலிருந்து கழன்றிருந்தது.

"காரி..." என்று கூப்பிட வாயெடுத்தது. வீங்கிய காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டுமே! இன்னும் அஞ்சாறு முழம்தானே!

நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நல்ல மனசு ஏணியைப் பிடிக்காதே!

சுருளி ஏணியின் உச்சியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தது. இடுப்பை ஒரு வெட்டு வெட்டியது. ஏணி ஒரு சாண் தத்தி நகர்ந்தது. "அட, இறங்கவே வேண்டாம் போலிருக்கே!" எட்டியவரை அடித்தது. மறுபடி ஒரு வெட்டு. ஏணி இன்னொரு சாண் நகர்ந்தது. சுருளிக்கு உற்சாகமாகிவிட்டது.

மூன்றாவது வெட்டில் ஏணியின் ஒரு கால், தரையில் சிந்திக் கிடந்த சுண்ணாம்பில் வழுக்கியது. ஏணி விரிந்தது. கயிறு பட்டென்று அறுந்தது. சுருளி தாவிப் பிடிக்க ஒரு கிளைகூட இல்லை. கீழே வெறும் பாறை.

"காரீ!"

காரி கண் விழித்தது. காலில் வலி இருப்பதே அதற்கு ஞாபகம் வரவில்லை. ஒரே பாய்ச்சலில் போய் முதுகைக் கொடுத்தது. சுருளி அந்த அகலமான முதுகில் தொப்பென்று விழுந்து உருண்டது. பின்னாலேயே ஏணி உச்சியில் தொங்கிய சுண்ணாம்புப் பானையும் வந்து இரண்டின் தலையிலும் கவிழ்ந்தது.

சத்தம் கேட்டுப் பெரியநாயகி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. "கண்ணைத் திறக்காதீங்க! தேய்க்காதீங்க!" என்று கத்தியபடி குளத்துக்கும் குகைக்குமாக நடந்து, துதிக்கை துதிக்கையாகத் தண்ணீரைப் பீய்ச்சி இரண்டையும் கழுவியது.

சுருளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காரியால் எழ முடியவில்லை. சுளுக்கிய கால் இப்போது பிசகியே போயிருந்தது. சுருளி அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதது.

"உன்னை எழுப்பினா கால் வலிக்குமேன்னுதான் கூப்பிடல, காரி!"

காரி மெதுவாகக் கேட்டது: "நான் கண்ணு முழிச்சுப் பாக்கும்போது நீ செத்துக் கிடந்தா, எனக்கு எங்கெல்லாம் வலிக்கும்னு யோசிச்சியா?"

சுருளி அந்தக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே பெரியநாயகிக்குக் குட்டி பிறந்தது. அது அண்ணாந்து பார்த்தபோது கூரை நிலா வெளிச்சம் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் நாலு முழத்துக்குக் கரி.

"ஏப்பா சுருளி, பக்கத்துக் குகைக் கரடி சும்மாதான் இருக்கு. அது ஏணியைப் பிடிக்கட்டும், அந்த மூலையையும் முடிச்சிடேன்!" என்றது பெரியநாயகி.

"காரி நல்லாகி வரட்டும்மா. பிள்ளைகிட்ட அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றது சுருளி.

பதினெட்டு நாள் சுருளி காரியின் காலுக்குப் பச்சிலைப் பற்று போட்டது. பசும்புல்லைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தது. ஒரு புதுக் கயிறும் திரித்தது, பழையதைவிட இரண்டு மடங்கு தடிமனாக. பத்தொன்பதாம் நாள் காரி தானே நடந்து குகைக்கு வந்தது.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு, ஏறு!"

சுருளி ஏறியது. கொஞ்சம் அடித்தது. இறங்கி வந்தது. "காரி, எந்திரி! நகர்த்தணும்!"

"இப்பத்தானே உக்காந்தேன்!"

"எந்திரிம்மா!"

நாலு முழத்துக்கு ஏழு தடவை இறங்கியது. ஏழு தடவை கூப்பிட்டது. காரி ஏழு தடவையும் முணுமுணுத்தது. ஆனால் அதன் காதுகள் ஆடிக்கொண்டே இருந்தன. ஏழாவது தடவை குட்டி யானையும் தத்தித் தத்தி வந்து, தன் துளித் துதிக்கையால் ஏணியின் இன்னொரு காலைச் சுற்றிக்கொண்டது.

"இன்னைக்கு என் ஏணிக்கு ரெண்டு வேரு!" என்று சுருளி மேலிருந்து சொன்னது.

உயரத்தில் ஏறுகிறவர், தனக்காகக் கீழே நிற்பவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிடாமல் விழுந்துவிடுவதுதான் அவருக்குத் தருகிற பெரிய வலி.