நாயும் வெறுங்கையும்

அந்தக் காலத்தில் ஆட்டுக்கும் நரிக்கும் நாய்க்கும் பேச்சு இருந்தது. நாய் அப்போதுதான் காட்டை விட்டு மனிதர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. காட்டுப் பழக்கம் மட்டும் அதை விட்டபாடில்லை.

ஊர் ஊராக ஆட்டுக்கிடை போட்டு அலையும் கருமலையானும் அவன் மனைவி இருளாயியும் ஒரு நாய்க்குட்டி வளர்த்தார்கள். எட்டுக் குட்டிகளில் அதுதான் கடைசி. எலும்போ கந்தல் துணியோ, எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறி நின்றுகொள்ளும். தின்னாது, தூங்காது, நாலு பக்கமும் பார்த்து உறுமிக்கொண்டே இருக்கும்.

இதைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, குட்டி தின்னும்போதெல்லாம் கருமலையான் சட்டிக்குள் கையை விட்டுக் கூழை அள்ளுவான். "பழகட்டும்" என்பான். அதுவும் பழகியது, கடிக்க.

"இன்னொரு தடவை கடிச்சா, கிடை மாத்துறப்ப இதை இங்கயே விட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டான். இருளாயிக்கு அன்றிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. நரிகள் திரியும் காட்டில் அது ஒருநாள்கூடத் தாங்காது.

ஒருநாள் காலையில் பார்த்தால், ஆட்டுக்குட்டி தூக்க வரும் நரிக்குக் கருமலையான் வைத்த ஈரல் துண்டு குட்டியின் முன்னங்கால்களுக்கு நடுவில் கிடந்தது. எட்டிக்கொட்டையை அரைத்துத் தடவிய விஷ ஈரல். நல்லவேளை, குட்டி இன்னும் தின்னவில்லை. காவல் காக்கவே அதற்குப் பொழுது சரியாக இருந்தது.

கருமலையான் கம்போடு ஓடினான். குட்டி சட்டென்று ஈரலைக் கவ்விக்கொண்டது. இன்னும் ஓர் அடி வைத்தால் அப்படியே விழுங்கிவிடும்.

"அசையாதீக" என்றாள் இருளாயி. "டேய், அது விஷம்டா. கீழ போடு."

"பொய் சொல்லுற" என்றது குட்டி வாயைத் திறக்காமலே. "உங்க கை எப்ப வந்தாலும் எடுக்கத்தான் வருது."

இருளாயிக்குச் சுருக்கென்றது. ஏழு அண்ணன்களோடு பிறந்தவள் அவள். இன்றைக்கும் கஞ்சிக் கும்பாவை இடது கையால் அணைத்துக்கொண்டுதான் குடிப்பாள். அந்தப் பயம் அவளுக்குத் தெரியாததா?

தன் கஞ்சிக்கு வைத்திருந்த சுட்ட கருவாட்டை எடுத்தாள். கிட்டே போகவில்லை. குட்டியைப் பார்க்காமலே ஒரு துண்டை வீசிவிட்டு நடந்தாள். திரும்பி வந்து இன்னொரு துண்டு, சற்றுத் தள்ளி. குட்டியின் மூக்கு துடித்தது. அடுத்தது இன்னும் தள்ளி. வாய் திறந்தது, ஈரல் விழுந்தது. குட்டி கருவாட்டின் பின்னால் போனதும், அவள் ஈரலைக் குச்சியால் தள்ளி அடுப்பில் போட்டாள்.

குட்டி திரும்பிப் பார்த்தது. "எடுத்துட்டியே."

"ஆமா, எடுத்தேன். சும்மா எடுக்கல" என்று மிச்சக் கருவாடு முழுவதையும் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. குட்டி முதல்முறையாக உறுமாமல், மென்று தின்றது.

மறுநாள் அது கருமலையானின் செருப்பைக் கவ்விவந்து அவள் காலடியில் போட்டது. போட்டுவிட்டு அவள் கையையே பார்த்தது. கருமலையானும் அதற்குப்பின் ஏதாவது போடுவதற்குத்தான் சட்டிக்குக் கிட்டே போனான். கிடை மாறியபோது குட்டி ஆடுகளுக்கு முன்னால் ஓடியது.

அன்று முதல்தான் நாய், கிடைத்ததை நம் காலடியில் கொண்டுவந்து போட்டுக் கையைப் பார்க்கிறது. பேச்செல்லாம் மறந்துபோன பிறகும், வெறுங்கையோடு பிடுங்க வருகிறவர்களிடம் சொல்ல ஓர் உறுமலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.