முப்பது நாழிகைக் காவல்

திருமேனி கோயிலில் நாழிகை பார்க்கிறவர். அடியில் ஊசித் துளை போட்ட செப்பு வட்டில் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார். துளை வழியாக நீர் ஏறி, வட்டில் மூழ்க ஒரு நாழிகை ஆகும். மூழ்கியதும் சேகண்டியை அடித்துவிட்டு வட்டிலை எடுத்து மறுபடி மிதக்க விடுவார். பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. பகல் முறை அவருடையது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு அடி தவறியதில்லை.

அன்று உச்சிவேளையில் தொட்டியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, நான்கு வயது மகள் உமையாளைத் தோளில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

மடப்பள்ளியில் சோறு வடித்துக்கொண்டிருந்த வீரபத்திரர் எட்டிப் பார்த்தார்.

"நாழிகைக்காரரே வந்துவிட்டார். இனி ஊரில் பொழுது சாயாது. எல்லாருக்கும் மத்தியானச் சோறு இரண்டு தடவை."

பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார்.

குழந்தையின் கண்கள் சிவந்திருந்தன. கண்ணுக்குக் கீழே கருமை. தலை சாயும், சாய்ந்த உடனே வெடுக்கென்று நிமிரும். மண்டபத்து வாசலுக்கு வருவதற்குள் பதினொரு முறை அப்படி நிமிர்ந்தது.

குரு ஈசானர் தூணருகே உட்கார்ந்திருந்தார். திருமேனியைவிட ஏழு வயது இளையவர். திருமேனி தன் சீடரே ஆனாலும் அவரிடம் மரியாதையாகத்தான் பேசுவார்.

திருமேனி வணங்கிவிட்டு, குழந்தையைத் தூங்கவைக்கச் செய்து பார்த்ததையெல்லாம் சொன்னார். ஜாதிக்காய் இழைத்த பால், கசகசாக் கஞ்சி, மூன்று கோயில்களில் மந்திரித்த கயிறு. ஒன்றும் கேட்கவில்லை. நாடி மெலிந்துகொண்டே வருகிறது, இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

"தூக்கமே இல்லையா?" என்று கேட்டார் குரு.

"கண் சொருகினால் அழுகிறாள், சுவாமி. அழுதழுது ஓய்ந்து தூங்கினாலும் ஒரு நாழிகைக்கு மேல் இல்லை."

"ஒரு நாழிகை என்று எப்படித் தெரியும்?"

"வீட்டிலும் ஒரு வட்டில் வைத்திருக்கிறேன்."

"வீட்டில் எதற்கு?" என்றார் குரு. திருமேனி தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

மூத்தவள் ஒருத்தி இருந்தாள். நாச்சி. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, பூச்சிக்கடி இல்லை. இரண்டு பக்கமும் அவரும் அவர் மனைவியும் படுத்திருந்தார்கள். விடிந்து தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"எந்த நாழிகையில் போனாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, சுவாமி. ஊருக்கெல்லாம் நாழிகை சொல்கிற எனக்கு."

உமையாள் பிறந்த அன்றே அவள் தலைமாட்டில் தொட்டியும் வட்டிலும் வைத்துவிட்டார்கள். இரவின் முதல் பதினைந்து நாழிகை மனைவி காவல். பின் பதினைந்து அவர் காவல். ஒவ்வொரு முறை வட்டில் மூழ்கும்போதும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார்கள். மூச்சுப் படுகிறதா என்று சந்தேகம் வந்தால் லேசாக அசைப்பார்கள்.

"அசைத்தால் விழித்துக்கொள்ள மாட்டாளா?"

"விழிப்பாள். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வரும்."

காவல் இல்லாதவர் எங்கே படுப்பார் என்று குரு விசாரித்தார். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதாகச் சொன்னார் திருமேனி. காவலுக்கு எரிகிற விளக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. பகலில் வீட்டில் யாரும் படுப்பதில்லை. அவர்கள் மூவரைத் தவிர வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"அக்காளைப் பற்றி இவளுக்குத் தெரியுமா?"

"நாங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இவளை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். படுத்தால் அக்கா மாதிரி ஆகிவிடுமா என்று ஒருநாள் கேட்டாள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"நாங்கள் காவல் இருக்கிறோம், பயப்படாதே என்றேன்."

குழந்தையின் தலை மறுபடி சாய்ந்து வெடுக்கென்று நிமிர்ந்தது. திருமேனி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டார்.

"சுவாமி, ஒரு நாழிகை அதிகம் என்று தோன்றுகிறது. அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடலாம். வட்டிலின் துளையைப் பெரிதாக்கி அரை நாழிகை வட்டிலாகச் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அரை நாழிகைக்கு ஒரு தரம் பார்த்தால் போதுமா?"

குரு குழந்தையின் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"இவள் பிழைப்பாளா? அதையாவது சொல்லுங்கள்."

"தெரியாது."

வேறு பதில் கிடைக்கும் என்றுதான் திருமேனி அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

குரு எழுந்து போய் ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்தார். காற்று வருகிற பக்கமாகப் பார்த்து விரித்தார். திருமேனி குழந்தையை அதில் கிடத்தக் குனிந்தார். உடம்பு பாயில் படும் முன்பே குழந்தை அலறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அவளுக்கு இல்லை," என்றார் குரு. "உமக்கு."

"எனக்கா?"

"படுத்துக்கொள்ளும். அவள் பக்கத்தில் உட்காரட்டும்."

குரு சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. திருமேனி படுத்தார். குழந்தை அவர் விலாவை ஒட்டி உட்கார்ந்தது.

"கண்ணை மூடும்."

மூடினார். மடப்பள்ளியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான்கு வருடமாக அரைத் தூக்கம் தூங்கிய உடம்பு அது. கால் கனத்தது, பிறகு கை. எங்கோ ஆழத்தில் இறங்குவது போல இருந்தது. மூச்சு நீண்டு வந்தது.

சட்டென்று கண்ணில் வலி. சின்ன விரல்கள் இரண்டு அவர் இமையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு சாண் தூரத்தில் உமையாளின் முகம். உதடு கோணியிருந்தது. சத்தமாக அழக்கூட அதற்குப் பயம்.

"வேண்டாம் அப்பா. தூங்காதே. நான் இனிமேல் அழமாட்டேன்."

திருமேனி எழுந்து உட்கார்ந்து அவளை வாரி எடுத்தார். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவர் மார்பில் தெரிந்தது. வெகுநேரம் அது அடங்கவில்லை.

"பார்த்தீர்களா, சுவாமி," என்றார். "ஒரு கணம் கண் அயர்ந்ததற்கே இப்படி. நான் தூங்கிவிட்டால் இவளை யார் பார்ப்பது?"

குரு பாயின் ஓரத்தில், குழந்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தூங்கி எழுந்திராத ஒருத்தியைப் பற்றி இவள் கேட்டிருக்கிறாள். தூங்கி எழுந்த ஒருவரை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நான் இவளோடு உட்கார்ந்திருக்கிறேன். படுத்துக்கொள்ளும், திருமேனியாரே."