தவிட்டுக்குருவிக்கு வாய் ஓயாமல் போன கதை

பறவைகளும் மற்ற உயிர்களும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் சத்தமே போடாத குலமாக இருந்தன. பயம் வந்தால் வாயை மூடிக்கொள், அசையாதே. முட்டையை விட்டு வந்த குஞ்சுக்குத் தாய் சொல்லும் முதல் பாடமே அதுதான். உடைமரக் காட்டில் குடியிருந்த சாம்பியும் தன் ஐந்து குஞ்சுகளையும் அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

குஞ்சுகளோ கடல் பார்க்க வேண்டுமென்று ஒரு மாதமாக உயிரை எடுத்தன. ஒருநாள் விடிந்ததும், கரையானை இலையில் கட்டுச்சோறாக மடித்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார்கள்.

கடலோரப் பாறையின் உச்சியில் ஒரு பழைய கோட்டை. ஆண்ட ராசா போய், கூரை போய், கடல் பக்கத்துச் சுவரும் பாதி போயிருந்தது. சுவருக்கு அப்பால் செங்குத்தாகப் பாறை. அடியில் அலை முட்டி முட்டி உறுமியது. பார்த்ததுமே சாம்பி குஞ்சுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, பார்த்தது போதும். திரும்பிடலாமே."

"வந்த களைப்பே இன்னும் ஆறலை. உன் நிழலுக்கே நாலு தடவை சாமி கும்பிடுறவ நீ," என்று சிரித்தான் அவள் புருஷன் தவிடன்.

"கடலையும் கும்பிட்டாச்சுப்பா. நான் பார்த்தேன்," என்றான் மூத்தவன்.

உச்சிவேளையில் கோட்டைக்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைப்பதற்குள் சுவரில் ஒரு பெரிய நிழல் ஓடியது. வல்லூறு. ஆளுக்கொரு இடுக்கில் ஒட்டி, குல வழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நிழல் நகர்ந்ததும் சாம்பி கண்ணாலேயே எண்ணினாள். நாலுதான் இருந்தது. கடைக்குட்டி மணலியைக் காணவில்லை.

இடிந்த சுவர் விளிம்பில் மணலியின் சின்ன இறகு ஒன்று காற்றில் துடித்துக்கொண்டிருந்தது.

சாம்பிக்குப் புரிந்துவிட்டது. காற்று தள்ளிக் கீழே பாறை வெடிப்பு எதிலோ விழுந்திருக்கிறாள். எதில் என்று எப்படித் தெரியும்? பாறை முழுக்க நூறு வெடிப்பு. அலையோ ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு மேலே ஏறியது. தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் மணலி கத்தமாட்டாள். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை.

"வாயைத் திறந்துடாதே," என்று தவிடன் கிசுகிசுத்தான். "வல்லூறு கோட்டை முகப்புல உட்கார்ந்திருக்கான். ஒண்ணுக்காக நாலையும் கொடுப்பியா?"

"அந்த ஒண்ணு யாரு பெத்ததுங்க?"

ஆண்டவனே, இதுகளை நீ பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பிள்ளைகளை விட்டுத் தள்ளிப் பறந்து, இடிந்த சுவரின் உச்சியில் வெட்டவெளியில் போய் உட்கார்ந்தாள். அதுவரை எந்தத் தவிட்டுக்குருவியும் செய்யாததைச் செய்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"மணலி, கண்ணு, வாயைத் திற. அம்மா சொல்லிக்கொடுத்தது தப்பு. கத்து."

கீழேயிருந்து ஈரமாக ஒரு கீச்சொலி வந்தது. அதே நேரம் வல்லூறு முகப்பை விட்டுக் கல்லைப்போல் இறங்கியது.

"இந்தப் பக்கம் பாருடா, பொட்டைக் கண்ணா," என்று தவிடன் தன் இடுக்கிலிருந்து கத்தினான். மூத்தவன் வேறு மூலையில் கத்தினான். மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன. எது எங்கே என்று வல்லூறுக்குப் பிடிபடவில்லை. தலையைத் திருப்பிய கணத்தில் குறி தவறி, நகத்தில் சாம்பியின் வால் இறகு இரண்டு மட்டும் சிக்கின. கூச்சலில் குழம்பி அது உயரே ஏறிவிட்டது. சாம்பி அசையவில்லை. கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே மணலி வெடிப்பு வெடிப்பாகத் தத்தி மேலே வந்து சேர்ந்தாள்.

சுவர் அடியிலேயே பதுங்கி வீடு திரும்பினார்கள். வழி நெடுக, "இருக்கியா?" "இருக்கேன்." "நீ?" "இருக்கேம்மா."

அன்றைக்குத் தொடங்கியதுதான், தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்தே திரிவதும், இரை பொறுக்கும்போதுகூட வாய் ஓயாமல் இருப்பதும். நம் காதுக்கு அது வெறும் இரைச்சல். அதில் ஒரு குரல் குறைந்தாலும் இன்றைக்கும் தாய்க்குருவி இரையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து எண்ணுகிறது.