தலை சாயும் வளைவு

எங்கள் பந்தயக் கார் பட்டறையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு வயது அதிகம். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன.

குரு பொற்கொடி மேடம். இன்னும் நாற்பதைத் தொடவில்லை. காரை வடிவமைப்பதில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. சீடர் வேதமூர்த்தி சார். பல வருஷம் விமான இறக்கை வரைந்துவிட்டு, தலை நரைத்தபிறகு, "எனக்குக் கார் கத்துக்குடுங்க மேடம்" என்று வந்து நின்றவர்.

அந்த வருஷத்துப் பந்தயங்களில் பாதி முடிந்திருந்தது. காரின் பின்பக்கத்துக்கு வேதமூர்த்தி ஒரு புது இறக்கை வரைந்திருந்தார். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். காற்றுச் சுரங்கத்தில் மாதிரிக் காரை நிறுத்தி ஊதிப் பார்த்தபோது எல்லாம் அம்சமாக வந்தது.

பந்தயத்தில்தான் வினை. வேகமாகப் போகிற ஒரு வலது வளைவில் காரின் பின்பக்கம் திடீரென்று வழுக்கியது. ஓட்டுகிற இர்ஃபான் காரோடு சுழன்று புல்லில் போய் நின்றான். அடுத்த பந்தயத்திலும் அதே கதை.

"அந்த வளைவுல மட்டும் பின்னாடி பிடிமானமே இல்லாமப் போயிருதுங்க சார்," என்றான் வேதமூர்த்தியிடம்.

"கணக்குல அப்படி ஒண்ணும் இல்லையேப்பா."

"கணக்கா சார் ஓட்டுது? நானில்ல ஓட்டுறேன்."

அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முதலாளி பொறுமைசாலி அல்ல. ஒருநாள் காலையில் வேதமூர்த்தியைப் போனில் பிடித்தார்.

"காரா, பையனா? சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தையில சொல்லுங்க. பையன்னா, வேற ஆளை உட்கார வச்சிடறேன்."

இர்ஃபானைக் கூப்பிட வேறு அணி கிடையாது. இந்த இருக்கை போனால் அவனுக்குப் பந்தயமே போனது. பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். வேதமூர்த்திக்கும் தெரியும்.

அவர் நேராகப் பொற்கொடியிடம் போனார். பயிற்சி ஓட்டத்துக்காக அன்று எல்லோரும் ஓடுதளத்தில்தான் இருந்தோம்.

"மேடம், குறை கார்லயா, ஓட்டுறவன்கிட்டயா?"

பொற்கொடி டீயைக் குடித்து முடித்தார். "கம்பளி நூல் இருக்குதுங்களா?"

"நான் கேட்டதுக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்குதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

சிவப்பு நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, இறக்கை முழுக்க ஒரு முனையை மட்டும் ஒட்டச் சொன்னார். சீடர் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். "கிடாய்க்கு அலங்காரம் பண்றாங்கடோய்" என்று மெக்கானிக்குகள் கேலி பேசினார்கள். காருக்குப் பின்னால் நீண்ட கம்பி ஒன்றில் கேமராவைக் கட்டி, இர்ஃபானை ஓட்ட அனுப்பினோம்.

அவன் திரும்பி வந்ததும் படத்தைப் போட்டுப் பார்த்தோம். நேர்ப்பாதையில் நூல்கள் எண்ணெய் வைத்து வாரிய முடிபோலப் படிந்து கிடந்தன. வலது வளைவு வந்ததும் இறக்கையின் வலப்பாதியில் இருந்த நூல்கள் மட்டும் தாறுமாறாகத் துடித்தன.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றார் பொற்கொடி. "நூலை விடுங்க. அவன் தலையைப் பாருங்க."

கூரையில்லாத காருக்கு வெளியே தெரிந்த இர்ஃபானின் ஹெல்மெட், வளைவில் வலப்பக்கம் சாய்ந்தது. அதில் பட்டுக் கலங்கிய காற்று, பின்னால் இருந்த இறக்கையின் அந்தப் பாதியில் போய் மோதியது; அங்கே அழுத்தம் விட்டுப்போனது.

காற்றுச் சுரங்கத்து மாதிரிக் காரில் ஓட்டுநருக்குப் பதில் ஒரு பொம்மை வைத்திருந்தோம். அதன் தலையை மட்டம் பிடித்து, நேராக நிமிர்த்தி, அசையாமல் திருகு போட்டு முடுக்கியவர் வேதமூர்த்திதான்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்ப குறை அவன்கிட்டதான் மேடம்! தலையைச் சாய்க்காம ஓட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா வேற ஆள் பார்க்கட்டும். இறக்கையில கைவைக்கவே வேண்டாம்."

அந்த இறக்கைமேல் அவருக்கு உயிர். மாற்ற மனசு வரவில்லை, பாவம்.

"தாராளமாச் சொல்லிரலாம்," என்றார் பொற்கொடி. "அதுக்கு முன்னால வாங்க, ஒரு சுற்று போயிட்டு வரலாம்."

ஓட்டப் பழக்குவதற்காக இரண்டு இருக்கை வைத்த திறந்த கார் ஒன்று எங்களிடம் இருந்தது. பொற்கொடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேதமூர்த்திக்கு ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கி உட்கார வைத்தோம்.

"சார், அந்த வளைவுல தலையை நேரா வச்சுக்குங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

"இது என்ன பெரிய விஷயம்?" என்றார் சீடர்.

நாங்கள் சுவரோரம் நின்று பார்த்தோம். வளைவு வரைக்கும் அவர் தலை நேராகத்தான் இருந்தது. கார் திரும்பியதும் தலை இடப்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. அதை இழுத்துப் பிடிக்க வலப்பக்கம் சாய்த்தார். சாய்த்ததுதான், வளைவு முடிகிற வரைக்கும் நிமிரவில்லை.

காரை நிறுத்தியதும் மெல்ல இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தலை நின்னுச்சுங்களா சார்?"

"இல்ல மேடம்."

"நிறுத்தணும்னு நினைச்சீங்களா?"

"கழுத்து ஒடியற அளவுக்கு முயற்சி பண்ணேன்."

"பயமா இருந்துச்சுங்களா?"

"செத்தேன்னு நினைச்சேன்." வேதமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். "அந்தப் பையன் ஒவ்வொரு சுற்றும் இதுல போயிட்டு வர்றான். நான் அவன் புளுகறான்னு நினைச்சிட்டேனே."

இர்ஃபான் சற்றுத் தள்ளி நின்றிருந்தான். ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக் குடித்தார்.

அப்போது முதலாளியின் போன் வந்தது. வேதமூர்த்தி எடுத்தார்.

"கார்," என்றார். போனை வைத்துவிட்டார்.

பிறகு இறக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று அதைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப இவ்வளவு நாள் நான் வரைஞ்சது தப்பா மேடம்?"

பொற்கொடி, இறக்கையில் ஒட்டியிருந்த நூல்களைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"யாருங்க சார் அப்படிச் சொன்னது? ஆள் உட்காராத காருக்கு இதைவிட நல்ல இறக்கை கிடைக்காதுங்க."